குருத்து வெளுத்தால் யூரியா மூட்டையைத் தூக்காதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

அம்பத்தூரில் லேத் பட்டறை வேலை, பெரம்பலூர் பக்கம் மூன்று ஏக்கர் மானாவாரிக் கரிசல், மாதம் இரண்டு முறை கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிப் போய் விவசாயம் பார்க்கிற ஆள் நான். மக்காச்சோளம் என்றாலே உங்கள் பத்திரிகையில் படைப்புழு பற்றித்தான் வருகிறது. வரட்டும், சரி. ஆனால் புழு வருவதற்கு முன்னாலேயே பயிரைக் குட்டையாக்கி விடுகிற துத்தநாகக் (ஜிங்க்) குறையைப் பற்றி ஒரு வரி கூட நான் பார்த்ததில்லை.

போன புரட்டாசியில் மக்காச்சோளம் விதைத்து இருபது நாள் இருக்கும், அப்பா வாட்ஸ்அப்பில் போட்டோ அனுப்பினார். குருத்தெல்லாம் வெளுத்துக் கிடந்தது. உரக்கடையில் காட்டியதற்கு யூரியா பத்தவில்லை என்றார்கள், ஒரு மூட்டை போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. அப்புறம் உதவி வேளாண்மை அலுவலர் வயலுக்கு வந்து ஒரு இலையைப் பிய்த்துக் காட்டிய பிறகுதான் விஷயமே புரிந்தது. யூரியா கொடுக்கிற தழைச்சத்து குறைந்தால் முதலில் அடி இலைதான் மஞ்சளாகும், அதுவும் நுனியிலிருந்து நடு நரம்பு வழியாக உள்ளே இறங்கும். துத்தநாகம் குறைந்தால் இளம் இலையில், நடு நரம்புக்கு இரண்டு பக்கமும், இலையின் அடியிலிருந்து வெள்ளைப் பட்டை ஏறும். நரம்பும் ஓரமும் நுனியும் பச்சையாகவே இருக்கும். கணுக்கள் நெருங்கிப் போய்ச் செடி குட்டையாக நிற்கும், ஏனென்றால் தண்டை நீளவைக்கும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் உருவாக துத்தநாகம் வேண்டும். (நெல்லில் வரும் கைரா என்ற பாதிப்பும் துத்தநாகக் குறைதான் என்று 1966ல் வடக்கே பந்த்நகரில் நெனே என்ற விஞ்ஞானி கண்டுபிடிக்கும் வரை அதையும் ஏதோ நோய் என்றுதான் நினைத்திருந்தார்களாம்.)

"ஜிங்க் போட்டோமே சார்" என்றார் அப்பா. உண்மைதான். ஏக்கருக்குப் பத்து கிலோ ஜிங்க் சல்பேட் என்ற துத்தநாக உரத்தை வாங்கி, மணிச்சத்து உள்ள டிஏபி உரத்தோடு ஒரே அன்னக்கூடையில் கலந்து சாலில் போட்டிருந்தார், கடையில் அப்படித்தான் சொன்னார்களாம். அலுவலர் இரண்டு டம்ளர் கேட்டார். ஒன்றில் டிஏபியைக் கரைத்து வடிகட்டினார், இன்னொன்றில் ஜிங்க் சல்பேட்டைக் கரைத்தார், இரண்டையும் சேர்த்ததும் திரிந்த பால் மாதிரி கட்டி கட்டியாகப் படிந்தது. டிஏபியின் மணிச்சத்தும் துத்தநாகமும் பிணைந்து தண்ணீரில் கரையாத பொருளாகி விடுகிறது. மண்ணுக்குள் டம்ளர் மாதிரியே நடக்காதுதான், ஆனால் எங்கள் ஊர்போலச் சுண்ணாம்பு கலந்த கரிசலில் துத்தநாகம் ஏற்கெனவே வேருக்குச் சிக்காமல் கிடக்கும், அதன் மேல் டிஏபியையும் சேர்த்துக் கொட்டினால் என்ன மிஞ்சும்?

இதே டம்ளரில் இன்னொரு உபயோகமும் உண்டு. ஜிங்க் சல்பேட் என்று மெக்னீசியம் சல்பேட்டைத் தலையில் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், பார்க்க இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். டிஏபி கரைசலில் கட்டி தட்டவில்லை என்றால் அது ஜிங்க் சல்பேட் இல்லை.

பத்து கிலோ என்பது 21 சதவீதத் துத்தநாகம் உள்ள சாதாரண ஜிங்க் சல்பேட்டுக்கு. பையில் 33 சதவீதம் என்று போட்டிருந்தால் ஆறரை கிலோ போதும். டிஏபியை அடியுரமாகத் தனியாகப் போட்டுவிட்டு, ஜிங்க்கைக் காய்ந்த மணலில் கலந்து விதைத்ததும் மேலே தூவவேண்டும், உள்ளே கிளறக்கூடாது. ஒருமுறை போட்டால் இரண்டு மூன்று போகத்துக்கு மண்ணில் நிற்கும்.

பயிர் நின்ற பிறகு தெரிந்தால் தெளிப்பதுதான் வழி. பத்து லிட்டர் டேங்குக்கு ஐம்பது கிராம் ஜிங்க் சல்பேட், இருபத்தைந்து கிராம் நீற்றிய சுண்ணாம்பின் தெளிந்த நீர். சுண்ணாம்பை விட்டால் இலை கருகும். பத்து நாள் இடைவெளியில் இரண்டு முறை அடித்தோம், புது இலைகள் பச்சையாக வந்தன. ஆனால் முதல் மாதம் போனது போனதுதான், பல கதிர்களில் நுனியில் மணியே பிடிக்கவில்லை.

இத்தனைக்கும் எங்கள் மண்வள அட்டையில் துத்தநாகம் குறைவு என்று அச்சடித்தே இருந்தது. அது பீரோவில் பட்டாவுக்கு அடியில் மடித்தபடி கிடந்தது, அப்பாவைக் குற்றம் சொல்ல முடியாது, நானும்தான் பிரித்துப் பார்க்கவில்லை.

ஆடி முடிவதற்குள் உங்கள் விவசாயப் பக்கத்தில் அந்த டம்ளர் சோதனையைப் படத்தோடு போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், அப்பா கண்ணாடி போடமாட்டார்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
அம்பத்தூர், சென்னை