பச்சைப் புள்ளியை வைத்து வேலையை அளக்காதீர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

வீட்டில் இருந்தால் ஊழியர்கள் வேலை செய்கிறார்களா, இல்லையா என்ற வாக்குவாதம் கோவையில் பீளமேடு, கீரணத்தம் பக்கத்து மென்பொருள் நிறுவனங்களில் இன்னும் ஓயவில்லை. இரு தரப்புக்கும் ஆதாரம் இருக்கிறது. சென்னையில் டேட்டா என்ட்ரி ஊழியர்களிடம் நடந்த ஆய்வில், முழுக்க வீட்டிலிருந்தவர்களின் வேலை, ஆபீசில் இருந்தவர்களைவிட 18 சதவீதம் குறைவாக இருந்தது. சீனாவின் ட்ரிப்.காம் நிறுவனம் வாரம் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்து வேலை செய்ய விட்டுப் பார்த்தது. வேலைத் தரம் குறையவில்லை. வேலையை விட்டுப் போனவர்கள்தான் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள்.

வீட்டிலிருந்து பார்க்கும் வேலையில் நேரம் போவது மீட்டிங்கில். ஆபீசில் நாற்காலியைத் திருப்பிக் கேட்டுவிடும் சந்தேகம், வீட்டிலிருந்தால் அரை மணி நேர மீட்டிங் ஆகிவிடுகிறது. "ஒரு நிமிஷம் பேசலாமுங்களா?" என்று வரும் அழைப்பு ஒரு நிமிடத்தில் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. காலை 10 முதல் 12.30 வரை மீட்டிங் கூடாது என்று டீம் முழுவதற்கும் வைத்துவிடலாம். நேற்று முடித்தது, இன்று செய்வது, எங்கே மாட்டியிருக்கிறது என்று மூன்று வரி எழுதி அனுப்பினால் மேலாளருக்குப் போதும். அதை விட்டு, சாட்டில் ஆள் ஆன்லைனில் இருப்பதைக் காட்டும் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்த்தால், மவுஸைத் தானாக அசைக்கும் கருவி வாங்கி வைப்பார்கள். வேறென்ன நடக்கும்?

ஆபீஸ் வரும் நாள் டீமுக்கே ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவர் செவ்வாய், மற்றவர் வியாழன் என்றால், ஆபீசிலும் ஹெட்போன் மாட்டிக்கொண்டு வீடியோ காலில்தான் பேசுவார்கள்.

கோபி, உடுமலை, பொள்ளாச்சியில் இருந்து வேலை பார்ப்போருக்கு மின்வாரியத்தின் பராமரிப்பு நாள் பெரிய தலைவலி. லேப்டாப் தாங்கும், மோடம்தான் தாங்காது. பல வீடுகளில் அது இன்வெர்ட்டர் லைன் இல்லாத பிளக்கில் இருக்கும். இன்வெர்ட்டர் லைனில் இருந்தாலும், கரண்ட் மாறும் அந்த நொடியில் அணைந்து, மறுபடி இணைய இரண்டு மூன்று நிமிடம் பிடிக்கும். மோடத்துக்கென்றே வரும் சிறிய யூபிஎஸ் இதைத் தீர்த்துவிடும். பெரும்பாலான மோடத்துக்கு 12 வோல்ட். வாங்குமுன் அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டையும் ஆம்பியரையும் சரிபார்க்க வேண்டும். தெருவில் கேபிள்காரர் பெட்டிக்கே கரண்ட் இல்லையென்றால் மொபைல் ஹாட்ஸ்பாட்தான் கதி. மின்தடை அறிவிப்பு முன்கூட்டியே நாளிதழில் வந்துவிடுகிறது. அன்றைக்கு ஆபீஸ் வரச் சொல்லலாமே.

புதிதாகச் சேர்ந்தவர்களை மட்டும் முதல் மூன்று மாதம் வீட்டிலிருந்து வேலை பார்க்க விட வேண்டாம். கேட்கக் கூச்சப்பட்டு ஒரே பிழையோடு அரை நாள் மல்லுக்கட்டுவது அவர்கள்தான்.

– மனிதவள மேலாளர் ஒருவர்,
சரவணம்பட்டி, கோவை.