கூகுளில் தேடிச் சொல்வதற்கா காசு?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வீட்டை பில்டருக்குக் கொடுத்தால் வரி உண்டா என்று கேட்கப் போன இடத்தில் ஐயாயிரம் ரூபாய் கேட்டார்கள், அதையே செல்போனில் கேட்டால் அரை நிமிடத்தில் சும்மாவே பதில் வருகிறது, ஆடிட்டர்கள் கூகுளில் தேடிச் சொல்வதற்கா காசு வாங்குகிறார்கள் என்று சென்ற ஞாயிறு ஒரு வாசகர் எழுதியிருந்தார். அவர் கோபம் புரிகிறது. அந்த ஐயாயிரத்துக்குள் என்ன வேலை இருக்கிறது என்பதை நாங்கள் யாரும் விளக்கிச் சொல்வதில்லை.

நான் பெரம்பூரில் வருமான வரி ரிட்டர்ன் போட்டுக் கொடுப்பவள். சி.ஏ. இல்லை, வருமான வரி பிராக்டிஷனர். தெருவில் எல்லோருக்கும் நான் ‘ஆடிட்டரம்மா’தான்; திருத்தித் திருத்தி அலுத்துவிட்டது. என்னிடம் வருகிறவர்களில் பெரும்பாலோர் ஐ.சி.எஃப்.பிலும் ரயில்வே ஒர்க்‌ஷாப்பிலும் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர்கள். அவர்கள் கணக்கில் தேடிப் படிக்க ஒன்றும் இருக்காது. பென்ஷன், எஃப்.டி. வட்டி, ஏ.ஐ.எஸ்.ஸில் (நம் வருமானம் பற்றித் துறை தன் தளத்தில் வைத்திருக்கும் பட்டியல்) காட்டியிருப்பது சரிதானா என்று ஒரு பார்வை, அரியர்ஸ் வந்திருந்தால் ரிட்டர்னுக்கு முன்னால் அதற்கு வரிச் சலுகை கேட்கும் 10இ படிவம், அவ்வளவுதான். இதற்கு ஐயாயிரம் கேட்டால் நானே சண்டைக்குப் போவேன்.

சொத்து, வாரிசு, பில்டர் என்று வரும்போதுதான் கதை மாறுகிறது. இந்த வருடம் வந்த ஒன்றை, ஆள் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். அயனாவரத்தில் ஒரு கிரவுண்டு இடத்தில் பழைய வீடு. பாட்டி வாங்கியது, உயில் வழியாக அம்மாவுக்கு, அம்மாவுக்குப் பின் இவருக்கு. 2024 கடைசியில் பில்டரோடு ஜாயிண்ட் வென்ச்சர் அக்ரிமென்ட் பதிவானது. இடம் இவருடையது, கட்டுவது பில்டர்; ஆறு ஃப்ளாட்டில் மூன்று இவருக்கு, கூடவே கொஞ்சம் ரொக்கம். இந்த பிப்ரவரியில் சாவி வாங்கினார். “நான் எதையும் விற்கவே இல்லையேம்மா, எனக்கு எதுக்கு வரி?” என்று கேட்டார். வரி இல்லை என்று போன் ஏற்கெனவே சொல்லியிருந்தது. ஆதாரமும் காட்டியிருந்தது: சென்னை உயர் நீதிமன்றம் 2014-இல் இதே மாதிரி பில்டரிடமிருந்து வந்த ஐந்து ஃப்ளாட்டுக்கும் விலக்கு கொடுத்திருக்கிறது.

அந்தத் தீர்ப்பு உண்மையானது, போன் கற்பனையாக எதையும் சொல்லவில்லை. ஆனால் இவருக்கு அது உதவாது. சொத்தைக் கொடுத்து வீடு வாங்கினால், கிடைத்த ஆதாயத்துக்கு (லாபத்துக்கு) வரி விலக்கு தருபவை வருமான வரிச் சட்டத்தின் 54, 54எஃப் என்ற இரண்டு பிரிவுகள். அந்தத் தீர்ப்பு 54எஃப் பிரிவில் வந்தது. வீடு அல்லாத சொத்தைக் கொடுத்தவர்களுக்கான பிரிவு. இவர் கொடுத்தது குடியிருந்த வீடு, ஆகவே 54. அதோடு, அந்தத் தீர்ப்பு பார்த்தது பழைய வாசகத்தை. 2014-இன் இரண்டாவது நிதிச் சட்டம் இரண்டு பிரிவுகளிலும் ‘இந்தியாவில் ஒரே ஒரு குடியிருப்பு வீடு’ என்று திருத்தி, 2015-16 மதிப்பீட்டு ஆண்டிலிருந்து (அதாவது 2014-15 வருமானத்திலிருந்து) கதவைச் சாத்திவிட்டது. பிறகு 54-இல் மட்டும் ஒரு சின்ன சன்னல்: ஆதாயம் 2 கோடிக்கு மேல் போகவில்லை என்றால், வாழ்நாளில் ஒரு தடவை, இரண்டு வீடுகளுக்கு விலக்கு கேட்கலாம். பக்கத்துப் பக்கத்து ஃப்ளாட்டை இணைத்து ஒரே வீடாகப் புழங்கினால் ஒன்றாகவே ஏற்றுக்கொண்ட தீர்ப்புகளும் உண்டு. இவருடையது மூன்றும் மூன்று மாடியில். ஆக, மூன்றாவது ஃப்ளாட்டின் பங்குக்கு வரி உண்டு.

இதுவரை சொன்னது சுலபமான பகுதி.

எந்த வருடத்தில் வரி என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். முன்பெல்லாம் பில்டரிடம் இடத்தை ஒப்படைத்த வருடமே வரி என்று துறை கேட்கும்; கையில் காசும் இருக்காது, வீடும் இருக்காது. அந்தக் கஷ்டத்தைக் குறைக்கத்தான் 2017 நிதிச் சட்டம் 45(5ஏ) என்ற துணைப்பிரிவைக் கொண்டுவந்தது. தனிநபரோ இந்துக் கூட்டுக் குடும்பமோ பதிவு செய்த ஒப்பந்தம் போட்டிருந்தால், கட்டடம் முழுவதற்கோ ஒரு பகுதிக்கோ நிறைவுச் சான்று (கட்டடம் முடிந்தது என்று உரிய அதிகாரி தருவது, சி.சி. என்பார்கள்) கொடுக்கப்படும் ஆண்டில் வரி கட்டினால் போதும். சான்று கொடுத்த தேதியில் அவர் பங்குக்கு என்ன வழிகாட்டி மதிப்போ அதையும், கையில் வாங்கிய பணத்தையும் சேர்த்ததுதான் விற்பனை மதிப்பு.

சரி, நிறைவுச் சான்றைக் கொடுங்கள் என்றேன். இல்லை என்றார். பில்டரைக் கேட்டால், “இதுக்கு சி.சி.யே தேவையில்ல மேடம்” என்றார். அவர் சொன்னதும் சரிதான். தமிழ்நாடு ஒருங்கிணைந்த மேம்பாடு மற்றும் கட்டட விதிகள், 2019 சிறிய குடியிருப்புகளுக்கு அந்தச் சான்றிலிருந்து விலக்கு தருகிறது. 2024-இல் அதை எட்டு வீடுகள் வரை நீட்டித்தார்கள். மக்களுக்கு நல்ல காரியம். ஆனால் டெல்லியில் எழுதிய வரிச் சட்டம் சான்று வரும் ஆண்டு என்கிறது, சென்னை விதி சான்றே வேண்டாம் என்கிறது. அப்படியானால் எந்த ஆண்டு? இந்தக் கேள்விக்குச் சட்டத்தில் நேராக ஒரு வரி கிடையாது. மதிப்பை எந்தத் தேதிக்குப் பார்ப்பது என்பதும் அதோடு சேர்ந்து தொங்குகிறது. கொளத்தூர், வில்லிவாக்கம், மடிப்பாக்கம் என்று ஊர் முழுக்க ஒரு கிரவுண்டு ஜாயிண்ட் வென்ச்சர்தான் நடக்கிறது. இது ஒருவருடைய பிரச்சினை இல்லை.

இப்படி மாட்டும்போது நாங்கள் என்ன செய்கிறோம்? முதலில் காகிதம். தாய்ப்பத்திரம், உயில், வில்லங்கச் சான்று, பிளான் அனுமதி, பவர் பத்திரம், அப்புறம் அந்த அக்ரிமென்ட்டை முதல் வரியிலிருந்து கடைசிச் சாட்சி கையெழுத்து வரை. இடத்தின் சுவாதீனம் என்றைக்குக் கொடுக்கப்பட்டது, ரொக்கம் திரும்பத் தர வேண்டிய டெபாசிட்டா இல்லையா என்பதெல்லாம் ஏதாவது ஒரு ஷரத்தின் நடுவில் ஒளிந்திருக்கும். இவர் அது ‘அட்வான்ஸ்’ என்றார். ஏ.ஐ.எஸ்.ஸைத் திறந்தால் பில்டர் அதில் 194-ஐ.சி. பிரிவில், அதாவது இந்த மாதிரி ஒப்பந்தத்தில் விலையாகத் தரும் பணத்துக்கான பிரிவில், 10 சதவீதம் டி.டி.எஸ். (பணம் தரும்போதே பிடிக்கும் வரி) பிடித்துக் கட்டியிருக்கிறார். அட்வான்ஸ் இல்லை, விலையின் பகுதி. வாயால் சொல்வதற்கும் காகிதத்தில் இருப்பதற்கும் இவ்வளவு தூரம் இருக்கும்போது, போனில் நாலு வரி தட்டிக் கேட்டால் அது எந்தக் கதைக்குப் பதில் சொல்லும்?

பிறகு சட்டத்தின் அந்த ஆண்டு வடிவம். வருமான வரித் துறையின் தளத்திலேயே ஒவ்வொரு நிதிச் சட்டத்துக்கும் பிந்தைய வடிவம் தனித்தனியாகக் கிடைக்கிறது, காசில்லை. பிரிவு புரியவில்லை என்றால் அது மசோதாவாக வந்தபோது கூட வந்த விளக்கக் குறிப்பைப் படிப்பேன். எந்தத் தொல்லையைத் தீர்க்க இதை எழுதினார்கள் என்பது அதில் இருக்கும். 45(5ஏ) விஷயத்தில் நில உரிமையாளரின் உண்மையான சிரமத்தைக் குறைப்பதற்கு என்று அதில் தெளிவாகவே உள்ளது. எனக்குப் பிடிமானம் கொடுத்தது அந்த வரிதான்.

அப்புறம் மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் சுற்றறிக்கைகள். அவை அதிகாரிகளைக் கட்டுப்படுத்தும், நம்மை அல்ல. அதற்கும் அப்புறம் தீர்ப்புகள். சென்னை உயர் நீதிமன்றம் சொன்னால் இங்கே இருக்கும் அதிகாரி கேட்டாக வேண்டும். மும்பையும் பெங்களூரும் துணைக்கு வரும், அவ்வளவே. வருமான வரி மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் உத்தரவுகளை அதன் தளத்திலேயே படிக்கலாம். நான் தொழில் பழகிய இடத்தில் ஐ.டி.ஆர். (இன்கம் டாக்ஸ் ரிப்போர்ட்ஸ்) தொகுதிகள் சுவர் முழுக்க இருந்தன. 1933 முதல் வருகிற அந்தத் தீர்ப்புத் தொடர் நம் தி.நகரிலிருந்துதான் வெளியாகிறது. இன்றைக்கு எல்லாம் திரையில் வந்தாலும் வேலை அதேதான்: தீர்ப்பின் தலையில் போடும் சுருக்கக் குறிப்போடு நிறுத்தாமல் முழுத் தீர்ப்பையும் படித்து, எந்த ஆண்டுச் சட்டம் என்று பார்த்து, மேல் நீதிமன்றத்தில் மாறிவிட்டதா என்று பார்ப்பது. சந்தேகம் வந்தால் வரி கட்டுபவர் பக்கம் என்று 1973-இன் உச்ச நீதிமன்றத் தீர்ப்பை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். விலக்கு அறிவிக்கையில் சந்தேகம் வந்தால் அரசின் பக்கம் என்று 2018-இல் அரசியல் சாசன அமர்வு சொன்னதை யாரும் சொல்வதில்லை. சுங்க வரி வழக்கில் சொன்னதுதான், ஆனாலும் அதிகாரி எடுத்துக் காட்டுவார்.

எந்த நீதிமன்றமும் சொல்லாத கற்பனைத் தீர்ப்பும் இப்போது வருகிறது. 2024 டிசம்பரில் பெங்களூரு தீர்ப்பாயம் ஒரு அறக்கட்டளை வழக்கில் போட்ட உத்தரவில் உச்ச நீதிமன்றத்தின் பெயரிலும் நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் பெயரிலும் இல்லாத தீர்ப்புகள் இருந்தன. உத்தரவைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 2025 அக்டோபரில் மும்பை உயர் நீதிமன்றம் இதே காரணத்துக்காக அதிகாரி வரி கணக்கிட்டுப் போட்ட ஒரு மதிப்பீட்டு உத்தரவையே ரத்து செய்தது. தீர்ப்பாயமும் அதிகாரியுமே இதில் விழுகிறார்கள் என்றால், செல்போனை நீட்டி “இதோ போட்டிருக்கே” என்பவரை நான் என்ன சொல்ல?

அயனாவரத்துக்காரருக்கு நான் எடுத்த முடிவு: சாவி வாங்கிய ஆண்டிலேயே, அதாவது இந்த ரிட்டர்னிலேயே காட்டுவது. கட்டடப் பொறியாளர் கொடுத்த பணி முடிந்த கடிதம், மாநகராட்சி சொத்து வரி போட்ட தேதி, மின் இணைப்பு, மூன்றையும் வைத்துக் கட்டடம் முடிந்த நாளை நிறுவலாம். சான்று வரும்வரை காத்திருக்கலாம் என்றும் வாதாடலாம்; வரவே போவதில்லை என்று தெரிந்தும் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 45(5ஏ) பொருந்தாது, ஒப்பந்த ஆண்டிலேயே கட்டியிருக்க வேண்டும் என்று அதிகாரி நாளைக்குக் கேட்கலாம். அதனால் படித்தது, சேர்த்தது, விட்டது எல்லாவற்றையும் தேதி போட்டு ஒரு குறிப்பாக எழுதி அவரிடம் ஒரு நகல் கொடுத்திருக்கிறேன். வருமானத்தைக் குறைத்துக் காட்டினால் வரியில் 50 சதவீதம் அபராதம், தவறாகக் காட்டினால் 200 சதவீதம். எல்லா விவரத்தையும் வெளிப்படையாக வைத்து நேர்மையான விளக்கம் இருந்தால் 50 சதவீதத்துக்கும் விலக்கு உண்டு. அந்த விளக்கம்தான் இந்தக் குறிப்பு. வாசகர் அடுத்த முறை காசு கொடுக்கும்போது இப்படி ஒன்றைக் கேட்டு வாங்கட்டும். எழுதித் தர மாட்டேன் என்பவருக்கு ஐயாயிரம் என்ன, ஐநூறும் கொடுக்க வேண்டாம்.

இந்த வருடம் இன்னொரு கூத்து. ஏப்ரல் 1 முதல் புதிய வருமான வரிச் சட்டம், 2025 வந்துவிட்டது. 819 பிரிவுகளை 536 ஆக்கியிருக்கிறார்கள். சேமிப்புக் கழிவுக்கான 80சி இப்போது 123, டி.டி.எஸ். பிரிவுகளில் சம்பளம் நீங்கலாக ஏறக்குறைய எல்லாம் 393-க்குள் போய்விட்டன. ஆனால் இப்போது போடும் ரிட்டர்ன் சென்ற ஆண்டு வருமானத்துக்கு, அதற்குப் பழைய 1961 சட்டம். இந்த ஆண்டு பிடிக்கும் டி.டி.எஸ்.ஸுக்குப் புதியது. ஒரே மேஜையில் இரண்டு சட்டப் புத்தகம். உங்கள் பத்திரிகையின் வரி கேள்வி-பதில் பகுதிக்கும் அதனால் ஒரு வேண்டுகோள்: ஒவ்வொரு பதிலுக்கும் கீழே எந்த ஆண்டு வருமானத்துக்கு, எந்தச் சட்டப்படி என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். பழைய தாளை வெட்டி வைத்திருந்து எடுத்துக்கொண்டு வருகிறவர்கள் நிறையப் பேர்.

துறையிடம் கேட்க வேண்டியதும் ஒன்று உண்டு. வரி செலுத்துபவரின் அறியாமையை அதிகாரிகள் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொள்ளக் கூடாது என்று 1955 ஏப்ரல் 11 தேதியிட்ட சுற்றறிக்கை ஒன்று இருக்கிறது. இன்றும் வழக்குகளில் எடுத்துக் காட்டுகிறோம். நல்லது. ஆனால் சந்தேகத்தை முன்கூட்டியே எழுதிக் கேட்டு, எழுத்தில் ஒரு பதிலை வாங்க உள்நாட்டுக்காரர் முன்தீர்ப்பு வாரியத்துக்குப் போக வேண்டுமென்றால், பரிவர்த்தனை குறைந்தது 100 கோடி ரூபாயாக இருக்க வேண்டும். 100 கோடிக்காரரிடம் வக்கீல் படையே இருக்கும். அயனாவரத்தில் ஒரு கிரவுண்டு வைத்திருப்பவருக்கு நான்தான் இருக்கிறேன், எனக்கு நோட்டீஸ் வந்த பிறகுதான் துறையின் கருத்து தெரிகிறது. நிறைவுச் சான்று தேவையில்லாத கட்டடங்களுக்கு எந்த ஆண்டு என்று நேரடி வரிகள் வாரியம் ஒரு சுற்றறிக்கை போட்டாலே சென்னையில் பாதிப் பேருக்குத் தலைவலி தீரும். அதற்கு மேல், சின்ன சொத்துக்காரர்களும் கட்டணம் கட்டி எழுத்தில் கேட்க ஒரு வழி வேண்டும். ஆயிரமோ இரண்டாயிரமோ வாங்கிக்கொள்ளட்டும், மூன்று மாதம்கூட எடுத்துக்கொள்ளட்டும். அந்தப் பதிலை நம்பி ரிட்டர்ன் போட்டவருக்குப் பின்னால் அபராதம் கிடையாது என்று மட்டும் அதில் எழுதியிருந்தால் போதும்.

இப்படிக்கு,
வருமான வரி பிராக்டிஷனர் ஒருவர்,
பெரம்பூர், சென்னை – 11