ஏழு வயதுக்குப் பிறகும் பயிற்சி தொடர வேண்டும்: நன்கொடை வேண்டுகோள்

அன்புடையீர், வணக்கம்.

சிங்கப்பூரில் ஆட்டிசம் உள்ள குழந்தைக்குப் பள்ளி வயது வரும்வரை அரசாங்கம் நன்றாகவே கைகொடுக்கிறது. ஏழு வயதுக்குட்பட்டோருக்கான ஆரம்பகாலத் தலையீட்டுத் திட்டத்தில் சேரும் குழந்தைக்கு, குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கட்டணக் கழிவு உண்டு. 2019இல் அந்தக் கட்டணத்தை மேலும் குறைத்தார்கள். அதே ஆண்டு முதல், மிதமான மற்றும் கடுமையான சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளும் கட்டாயக் கல்விச் சட்டத்துக்குள் வந்தார்கள். இவற்றால் பயன்பெற்றவர்கள் எங்கள் பெற்றோர் குழுவிலேயே இருக்கிறோம். நன்றி மறக்கவில்லை.

பிள்ளை தொடக்கநிலை ஒன்றில் காலெடுத்து வைக்கும்போது அந்தத் திட்டம் முடிந்துவிடுகிறது. பள்ளியில் உதவி இருக்கிறது. சிறப்புக் கல்விப் பள்ளிகளில் உளவியலாளர்களும் சிகிச்சையாளர்களும் இருக்கிறார்கள். மற்றப் பள்ளிகளிலும் சிறப்புத் தேவைகளைக் கவனிக்கும் அலுவலர்கள் இருக்கிறார்கள். பள்ளி விட்ட பிறகுதான் சிரமம். வீட்டிலும் எம்ஆர்டியிலும் உணவங்காடியிலும் பிள்ளை படும் பாட்டைப் பார்த்து, வாரந்தோறும் உடனிருந்து வழிகாட்டும் நடத்தைப் பயிற்சியாளருக்குக் குடும்பமே பணம் கட்ட வேண்டும். தனியார் கட்டணம் மணிக்கு 100 வெள்ளியைத் தாண்டிவிடும். பதின்ம வயதில் தேவையும் கூடிவிடுகிறது. தாயைவிட உயரமாக வளர்ந்த மகன் பதற்றத்தில் சாலையை நோக்கி ஓடினால் அவரால் பிடித்து நிறுத்த முடியுமா?

அந்தப் பயிற்சியில் என்ன நடக்கிறது என்று பலர் கேட்கிறார்கள். நல்ல பயிற்சியாளர் முதலில் காரணத்தைத் தேடுவார். பிள்ளை தலையில் அடித்துக்கொள்வதற்குமுன் என்ன நடந்தது, பின்பு என்ன கிடைத்தது என்று குறித்துக்கொண்டே வருவார். கைகாயவைக்கும் இயந்திரத்தின் சத்தம் தாங்கவில்லை, அதைச் சொல்லத் தெரியவில்லை என்று ஒருநாள் புலப்படும். பிறகு, ‘வெளியே போகலாம்’ என்பதற்கு ஒரு படஅட்டையை நீட்டக் கற்றுக்கொடுப்பார். அட்டையை நீட்டியதும் உடனே வெளியே அழைத்துப்போக வேண்டும். அந்தப் பாதி பெற்றோரின் வேலை. இதற்கு மாதக்கணக்கில் பொறுமை வேண்டும்.

நடத்தைப் பயிற்சி எனும் இந்தச் சிகிச்சைமுறை பிள்ளையின் இயல்பை அடக்கப் பார்க்கிறது என்று ஆட்டிசம் உள்ள பெரியவர்கள் பலர் வைக்கும் குற்றச்சாட்டையும் நாங்கள் மதிக்கிறோம். கண்ணைப் பார்த்துப் பேசு என்று வற்புறுத்துவது, கையை அசைத்துத் தன்னைத் தேற்றிக்கொள்ளும் பிள்ளையின் கையைப் பிடித்து அடக்குவது, தண்டிப்பது ஆகியவற்றுக்கு இந்த நிதியிலிருந்து ஒரு காசும் போகாது. பயிற்சியாளரைத் தேர்ந்தெடுக்கும்போது நாங்கள் முதலில் கேட்கும் கேள்வி அதுதான்.

பொதுப் பணத்தால் இதற்கு வழிசெய்ய வேண்டும் என்பதே எங்கள் நிலைப்பாடு. எங்கும் அது எளிதில் கிடைத்ததில்லை. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாநிலப் பெற்றோர் நீதிமன்றம் ஏறினார்கள். இந்தச் சிகிச்சைக்கு நிதி தர வேண்டிய கடமை அரசமைப்பின்படி அரசுக்கு இல்லை என்று 2004இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. இங்கே மக்களைச் சந்திக்கும் நிகழ்ச்சிகளில் எங்கள் நாடாளுமன்ற உறுப்பினரிடம் தொடர்ந்து எடுத்துச்சொல்வோம். ஆனால் இன்று பன்னிரண்டு வயதில் இருக்கும் பிள்ளைக்கு இந்த ஆண்டே பயிற்சி வேண்டும்.

எனவே, 7 முதல் 18 வயது வரையிலான எட்டுப் பேருக்கு வாரம் ஒரு மணி நேரப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்கிறோம். ஒருவருக்கு மாதம் 480 வெள்ளி. எட்டுப் பேருக்கு ஓராண்டுக்கு 46,080 வெள்ளி. குடும்பங்கள் தங்களால் இயன்றதைத் தருவார்கள். மீதியைத்தான் உங்களிடம் கேட்கிறோம். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கு முதலிடம். இனம், மொழி பார்க்க மாட்டோம். தமிழ் மட்டுமே தெரிந்த தாத்தா பாட்டிகள் பேரப்பிள்ளையைக் கவனித்துக்கொள்ளும் வீடுகள் நம்மிடையே அதிகம் என்பதால், அவர்களுக்கான வகுப்பைத் தொண்டூழியர்கள் தமிழில் நடத்துவார்கள்.

மாதம் பத்து வெள்ளியும் எங்களுக்குப் பெரிய உதவி. ஒரே தடவையாக 120 வெள்ளி தந்தால், ஒரு பிள்ளையின் ஒரு மணி நேரம் உங்களுடையது.

எங்கள் குழு வரிக்கழிவுத் தகுதி பெற்ற அமைப்பு அல்ல. 250 விழுக்காட்டு வரிக்கழிவு வேண்டுவோர், ஆட்டிசத்துக்காக உழைக்கும் தகுதிபெற்ற அறநிறுவனத்துக்குத் தாராளமாகக் கொடுங்கள். எங்களுக்கு மனக்குறை இல்லை. எங்களுக்குத் தருவோர் குழுப் பொருளாளரிடம் நேரில் தந்து ரசீது பெறலாம், அல்லது பேநவ் மின்னியல் பணப்பரிமாற்றம் வழியாக அனுப்பலாம். கதவைத் தட்டி வசூலிக்க மாட்டோம்; எங்கள் பெயரைச் சொல்லி யாரேனும் அப்படி வந்தால் கொடுக்காதீர்கள், எங்களுக்குத் தெரிவியுங்கள். பணம் பெற்றோரின் கைக்கு வராமல் நேரடியாகப் பயிற்சியாளருக்கே போகும். வரவுசெலவுக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நன்கொடையாளர் அனைவருக்கும் அனுப்புவோம். பிள்ளைகளின் பெயரோ படமோ அதில் இடம்பெறாது.

அன்புடன்,
பெற்றோர் குழுவினர்