காய்கறி இருந்தது, வழிதான் அடைபட்டது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொரோனா ஊரடங்கின்போது சென்னையில் காய்கறிக்குத் தட்டுப்பாடு ஏற்பட்டதாக இன்றும் பலர் சொல்லக் கேட்கிறேன். வில்லிவாக்கத்தில் சில்லறைக் காய்கறிக் கடை நடத்துகிறவன் என்ற முறையில், அது பாதி உண்மைதான் என்பேன். அன்று காய்கறி விளையாமல் போகவில்லை. விளைந்தது நம் வீட்டுக்கு வந்து சேரும் வழிதான் அடைபட்டது.

2020 ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு ஊரடங்கு என்ற அறிவிப்பு வந்ததும், முந்தைய நாள் கோயம்பேட்டில் திரண்ட கூட்டத்தில் நானும் நின்றேன். தொற்று அங்கிருந்து பல மாவட்டங்களுக்குப் பரவியதால் மே 5 அன்று சந்தை மூடப்பட்டு, காய்கறி மொத்த வியாபாரம் பூந்தமல்லியைத் தாண்டித் திருமழிசைக்கும், பழ வியாபாரம் மாதவரத்துக்கும் மாற்றப்பட்டன. கோயம்பேட்டில் காய்கறி அங்காடி மீண்டும் திறக்கச் செப்டம்பர் 28 ஆயிற்று.

திருமழிசையில் ஒரு மழை நாள் விடியற்காலையில் கண்டதை என்னால் மறக்க முடியவில்லை. சேற்றில் அடுக்கியிருந்த தக்காளிப் பெட்டிகளில் அடிவரிசை நசுங்கிச் சாறு வழிந்துகொண்டிருந்தது. வாங்க ஆளின்றி, அவற்றை ஓரமாகக் கொட்டிவிட்டுக் காலிப் பெட்டிகளை மட்டும் லாரியில் ஏற்றினார்கள். அன்று குட்டி யானை என்கிற சிறு சரக்கு வண்டிக்குக் கொடுத்த கூடுதல் வாடகையைச் சேர்த்து, அதே தக்காளியை எங்கள் தெருவில் விலை கூட்டித்தான் விற்றேன். அந்த வருத்தம் எனக்கு இன்னும் உண்டு.

இதற்கு மழை மட்டுமே காரணமன்று. நன்கு பழுத்த தக்காளியை அன்றாடம் எடுப்பவை ஓட்டல்கள். முழுச் சாம்பல் பூசணியையும் கட்டுக்கட்டாக வாழையிலையையும் எடுப்பவை கல்யாண மண்டபங்கள். நான்கு பேர் இருக்கும் வீட்டில் பூசணியைக் கீற்றாகத்தான் கேட்பார்கள். வைகாசி முகூர்த்தங்களை நம்பிப் பயிரிட்டவர்களின் சரக்கு, மண்டபங்கள் அடைபட்டிருந்ததால், கேட்பாரற்றுப் போயிற்று. அதே நாட்களில் அம்மா உணவகத்தின் வாசலில், வேலையிழந்த கூலித் தொழிலாளர்கள் வட்டமிட்ட இடங்களில் இடைவெளி விட்டுச் சாப்பாட்டுக்காகக் காத்து நின்றார்கள். கொட்டிய இடத்துக்கும் பசித்தவர்கள் நின்ற இடத்துக்கும் நடுவே ஒரு வண்டியும் அதற்குப் பொறுப்பான ஓர் ஆளும் இருந்திருந்தால் போதும் என்று அன்று பலமுறை நினைத்தேன்.

ஏறத்தாழ நகரம் முழுவதற்குமான காய்கறி ஒரே வாசல் வழியாக வருகிற ஏற்பாடு இன்னொரு தொற்றையோ பெருவெள்ளத்தையோ தாங்காது. எனவே மாதவரம், திருமழிசை போன்ற புறநகர்ப் பகுதிகளில் தளமும் கூரையும் குளிர்பதனக் கிடங்கும் கொண்ட சிறு மொத்த அங்காடிகளை இப்போதே அமைத்து, சாதாரண நாட்களிலும் அவற்றில் வியாபாரம் நடக்கச் செய்ய வேண்டும். மண்டியில் மதியத்துக்குள் விலைபோகாத நல்ல காய்கறியை அன்றைக்கே அம்மா உணவகங்களுக்கும் ஆதரவற்றோர் இல்லங்களுக்கும் எடுத்துச் செல்ல, நிரந்தரமாக வண்டியும் பொறுப்பு அலுவலரும் வேண்டும். அந்த அலுவலரின் தொலைபேசி எண்ணை ஒவ்வொரு மண்டியின் வாசலிலும் எழுதி வைக்குமாறு அரசைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சில்லறைக் காய்கறி வியாபாரி,
வில்லிவாக்கம், சென்னை.