கடினம் வேறு, நிஜம் வேறு: கார் பந்தய ஆட்டம் செய்கிறவர்களுக்குக் கோவையிலிருந்து ஒரு திறந்த மடல்

கோவை, திருப்பூர், ஈரோடு, சேலம் வட்டாரத்தில் மூன்று பேர், நான்கு பேராகச் சேர்ந்து கார் பந்தய வீடியோ கேம் செய்துகொண்டிருக்கும் தம்பி, தங்கைகளுக்கு வணக்கமுங்க.

நாங்கள் கோவையில் சிமுலேட்டர் வீல் செட்டுகளைப் பொருத்துகிறவர்கள், பழுது பார்க்கிறவர்கள், புதிதாக வருகிறவர்களுக்கு ஓட்டப் பழக்குகிறவர்கள். உங்களில் பலர் சோதனைப் பதிப்பை அனுப்பிக் கருத்துக் கேட்கிறீர்கள். வருவதில் பெரும்பாலானவை இரண்டு வகைதான். ஒன்றில் கார் தண்டவாளத்தில் போவதுபோலப் போகிறது. எந்த வேகத்தில் ஒடித்தாலும் திரும்பிவிடுகிறது. மற்றதில் இரண்டாவது வளைவிலேயே வண்டி சுற்றிக்கொண்டு நிற்கிறது. முதலாவதை "எல்லாரும் ஆடலாம்" என்கிறீர்கள், இரண்டாவதை "ரியலிஸ்டிக்" என்கிறீர்கள். இந்த இரண்டு பெயரையும் எங்களால் ஏற்க முடியவில்லை. எதனால் என்பதை எண்களோடு எழுதுகிறோம்.

நிஜக் கார் ஓட்டுவதற்குக் கடினமானது அல்ல. ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவு. லைசன்ஸ் எடுத்து ஒரு வருடம் ஆனவர்கூட, இரண்டாம் கியரில் நிதானமாக ஏறி, அதே கியரில் இறங்கி வந்துவிடுகிறார். உங்கள் ஆட்டத்தில் 60 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு சாதாரண வளைவில் கார் சுழன்றால், அது நிஜம் கூடிப்போனதால் வந்தது இல்லை. எங்கோ ஒரு எண் தப்பு. நிஜத்தில் கடினமாவது கடைசி ஐந்து சதவீதம்: டயரின் விளிம்பில் வண்டியைப் பிடித்து வைத்து, அதையே ஒவ்வொரு சுற்றிலும் திரும்பச் செய்வது. ஆகவே நாங்கள் கேட்பது இதுதான்: டயரைப் பொய் சொல்ல வைக்காதீர்கள். எளிமையை ஆடுபவரின் கையிலும் கண்ணிலும் காதிலும் கொண்டுவந்து வையுங்கள்.

முதலில் டயர். உங்களில் பலர் யூனிட்டி என்ற ஆட்டம் செய்யும் மென்பொருளில் சக்கரத்துக்கென்று இருக்கும் வீல் கொலைடர் கருவியை அப்படியே எடுத்துக்கொள்கிறீர்கள். வழுக்கல் என்பது சக்கரம் சுற்றும் வேகத்துக்கும் கார் போகும் வேகத்துக்கும் உள்ள வித்தியாசம். வழுக்கலுக்கு எவ்வளவு பிடிப்பு என்று காட்டும் முன்பின் உராய்வுக் கோட்டில், தொடக்க அமைப்பாக, உச்சம் 0.4 வழுக்கலில் 1 என்றும், அதைத் தாண்டி 0.8 வழுக்கலில் 0.5 என்றும் இருக்கும். அதாவது வீல் லாக் ஆகி, சுற்றாமல் இழுபட்டால் பிடிப்பு பாதியாகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள். உராய்வு 1 என்றால் 144 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது நொடிக்கு 40 மீட்டரில், வரும் கார் நிற்க ஏறக்குறைய 82 மீட்டர் வேண்டும். பிடிப்பு பாதியானால் அது 163 மீட்டர். உலர்ந்த தார் ரோட்டில் லாக் ஆன டயர் இவ்வளவு மோசமாக விடாது. உச்சத்தில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் கூடக் குறைய மிஞ்சும். 0.8 என்று வைத்தால் நிற்கும் தூரம் 102 மீட்டர். புதிதாக ஆடுபவர் பிரேக்கை முழுக்க அழுத்தினால் இருபது மீட்டர் தள்ளி நிற்பார், வளைவைத் தவறவிடுவார், தப்பும் புரியும். 163 மீட்டர் என்றால் ஆட்டத்தையே மூடிவிட்டுப் போய்விடுவார். உச்சம் வரும் இடமும் முக்கியம். நிஜ டயரில் முன்பின் வழுக்கல் 10 முதல் 15 சதவீதத்திலும், சாலை டயரின் பக்கவாட்டு வழுக்குக் கோணம் (டயர் பார்க்கும் திசைக்கும் நகரும் திசைக்கும் இடையிலான கோணம்) ஏறக்குறைய 6 முதல் 10 டிகிரியிலும் உச்சம் வரும். உச்சத்தைத் தொட்டபின் கோடு மெதுவாகச் சரியட்டும், செங்குத்தாக விழ வேண்டாம். ஆட்டத்தை "கொஞ்சம் ஈஸி" ஆக்க உராய்வை 1.5, 2 என்று ஏற்றுகிறவர்கள் இந்தச் சரிவைத் தொடுவதே இல்லை. அதனால் அதிக வேகத்தில் அதே பாறை விளிம்புதான் காத்திருக்கிறது.

அடுத்து, அந்தக் கருவியில் முன்பின் விசைக்கும் பக்கவாட்டு விசைக்கும் தனித்தனிக் கோடுகள். இரண்டும் ஒரே பிடிப்பைப் பங்கு போட்டுக்கொள்கின்றனவா என்று சோதியுங்கள். ஒரு டயரிடம் இருப்பது ஒரே ஒரு கையிருப்பு. பிரேக்குக்கு 80 சதவீதம் போனால் திரும்ப மிஞ்சுவது 60 சதவீதம். பிரேக்கை 60 ஆகக் குறைத்தால் திரும்ப 80 கிடைக்கும். பிரேக்கை மெல்ல விட்டுக்கொண்டே வண்டியை உள்ளே திருப்பும் வித்தை முழுக்க இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. இதை எடுத்துவிட்டால் ஆடுபவர் கற்றுக்கொள்ள எதுவுமே மிஞ்சாது. ஏபிஎஸ் (பிரேக்கில் சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏற்பாடு) உதவி போட்டிருக்கும்போதும் இந்த விதி நிற்கட்டும். முழு பிரேக்கிலும் முழுதாகத் திரும்புகிற கார், ஆடுபவருக்கு ஒரு கெட்ட பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும். உதவியை அணைத்த அன்று அவர் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.

வளைவு வேகத்துக்கும் ஒரு கணக்கு. 40 மீட்டர் ஆரமுள்ள வளைவில், உராய்வு 1 என்றால், உச்ச வேகம் 71 கிலோமீட்டர். பத்து சதவீதம் கூட்டி 78ல் வந்தால் தேவைப்படும் ஆரம் ஏறக்குறைய 48 மீட்டர். வெறும் ஏழு கிலோமீட்டர் கூடினதற்கு எட்டு மீட்டர் வெளியே போகிறது. ரோட்டின் அகலமே அவ்வளவு இருக்காது. புதியவர்கள் தோற்பது பெரும்பாலும் இங்கேதான். பிடிப்பு போதவில்லை என்று அவர் நினைப்பார், வந்த வேகம் அதிகம் என்று யாரும் அவருக்குச் சொல்வதில்லை. வளைவு முடிந்ததும் திரையோரத்தில் "நுழைந்த வேகம் 78, ஏற்ற வேகம் 71" என்று ஒரு வரி காட்டுங்கள். செலவே இல்லாத உதவி. உராய்வை இரட்டிப்பாக்குவதைவிட இது பல மடங்கு வேலை செய்யும்.

இன்னொன்று, யூனிட்டி காரின் அசைவைக் கணக்கிடும் காலப்படி தொடக்க அமைப்பில் 0.02 நொடி, அதாவது நொடிக்கு 50 கணக்கு. நொடிக்கு 40 மீட்டரில் போகும் கார் ஒவ்வொரு கணக்குக்கும் இடையில் 80 சென்டிமீட்டர் தாவிவிடும். ஓரக் கட்டையின் மேடுபள்ளம் பாதி காணாமல் போகும், வண்டி காரணமில்லாமல் துள்ளும். ஐரேசிங் என்ற பந்தய ஆட்டம் நொடிக்கு 360 முறை கணக்கிடுகிறது. நீங்கள் முழு உலகத்தையும் அப்படி ஓட்ட வேண்டியதில்லை. டயருக்கும் சஸ்பென்ஷனுக்கும் மட்டும் ஒவ்வொரு காலப்படிக்குள்ளும் துணைப்படிகளைக் கூட்டினால் சாதாரண லேப்டாப்பும் தாங்கும்.

இனி கை. நம் பக்கம் ஆடுபவர்களில் மிகப் பலர் கேம்பேடிலும் போனிலும்தான் ஆடுகிறார்கள். வீல் செட் வைத்திருப்பவர்களை மட்டும் மனதில் வைத்து ஸ்டீயரிங்கை அமைத்தால் மற்ற எல்லாரையும் வாசலிலேயே நிறுத்திவிடுகிறீர்கள். பேடின் கட்டைவிரல் குச்சி நடுவிலிருந்து ஓரத்துக்குப் பத்தில் ஒரு நொடியில் போய்விடும். நிஜ ஸ்டீயரிங்கை யாராலும் அப்படிச் சுழற்ற முடியாது. அதனால் முழு ஒடிப்புக்கு 0.25 முதல் 0.35 நொடி, நடுவுக்குத் திரும்ப 0.15 நொடி என்று ஸ்டீயரிங் திரும்பும் வேகத்தைக் கட்டுப்படுத்துங்கள். இது பலருக்குத் தெரியும். தப்பு நடப்பது அடுத்த படியில். வேகம் கூடக் கூட ஸ்டீயரிங் கோணத்தைக் காரின் உடலை வைத்துக் குறைக்கிறீர்கள்: 150 கிலோமீட்டரில் இடப்பக்கம் 5 டிகிரி, வலப்பக்கம் 5 டிகிரி, அவ்வளவுதான் என்று. பின்பக்கம் வழுக்கி வண்டி 15 டிகிரி திரும்பிவிட்டால், எதிர்ப்பக்கம் ஒடித்துக் காப்பாற்ற அந்த 5 டிகிரி போதாது. "அண்ணா, புடிக்கவே முடியறதில்லீங்க" என்று பையன்கள் சொல்வதற்குக் காரணம் இதுதான்.

தீர்வு ஒன்று உண்டு. கோணத்தைக் காரின் உடலிலிருந்து அளக்காமல், முன் டயர்கள் உண்மையில் நகரும் திசையிலிருந்து அளந்து பாருங்கள். குச்சி நடுவில் இருந்தால் முன் சக்கரம் நகரும் திசையை நோக்கித் தானாகத் திரும்பட்டும். குச்சி ஓரத்தில் இருந்தால் அந்தத் திசையிலிருந்து உச்சக் கோணமான 8 டிகிரியும், அதற்கு மேல் 2 அல்லது 3 டிகிரியும் போகட்டும். இது ஏமாற்று வேலை அல்ல. நிஜக் காரிலும் ஸ்டீயரிங்கைத் தளரவிட்டால் சக்கரங்கள் நகரும் திசைக்கே திரும்ப முயல்கின்றன. கையில் வீல் இருப்பவருக்குத் தானாகக் கிடைப்பதைப் பேடில் ஆடுபவருக்கும் கொடுக்கிறீர்கள். அந்தக் கூடுதல் 2 டிகிரியை மட்டும் எடுத்துவிடாதீர்கள். அளவுக்கு மீறி ஒடித்தால் பிடிப்பு குறையும் என்பது ஆடுபவருக்குத் தெரிய வேண்டும்.

பிரேக்கில், பேடின் விரல் விசையை (டிரிக்கரை) 80 சதவீதம் அழுத்தும்போது டயர் லாக் ஆகும்படி வையுங்கள். 50லேயே லாக் ஆனால் விரலுக்கு அளவு பிடிபடாது. 100ல்தான் லாக் ஆகும் என்றால் தப்பு செய்யவே வழியில்லை. பெரும்பாலான போன்களின் தொடுதிரையில் அழுத்தத்தை அளக்க முடியாது. அங்கே ஏபிஎஸ் எப்போதும் இருக்கட்டும், பிரேக் பூஜ்யத்திலிருந்து முழுமைக்குக் கால் நொடியில் ஏறட்டும்.

அடுத்தது உணர்வு. நிஜ ஓட்டுநருக்கு இடுப்பும் முதுகும் சொல்வதைத் திரைமுன் இருப்பவருக்கு யாரும் சொல்வதில்லை. இங்கே மட்டும் மிகைப்படுத்தலாம் என்பது எங்கள் முடிவு. டயர் சத்தம் பிடிப்பு போனபிறகு கத்தினால் அது இரங்கல் செய்தி மட்டுமே. உச்சக் கோணத்தில் 60 சதவீதம் வரும்போதே லேசான உரசல் தொடங்கட்டும், உச்சம் நெருங்க நெருங்கச் சுருதி ஏறட்டும், தாண்டியதும் குரலே மாறட்டும். எக்ஸ்பாக்ஸ் ஒன், பிளேஸ்டேஷன் 5 பேடுகளின் விசைகளிலேயே அதிர்வு இருக்கிறது. முன் சக்கரம் லாக் ஆவதைப் பிரேக் விசையிலும், பின் சக்கரம் வெறுமனே சுற்றுவதை ஆக்சிலேட்டர் விசையிலும் தனித்தனியாகக் கொடுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே அதிர்வு என்றால் அது வெறும் இரைச்சல்.

வீலில் வேறு சிக்கல். லாஜிடெக் ஜி29 போன்ற வீல் செட்டுகள் தரும் முறுக்கு ஏறக்குறைய 2 நியூட்டன் மீட்டர்தான். வீல் கைக்குத் திருப்பித் தரும் விசையைக் கூட்டி வைத்தால் வளைவிலேயே அது உச்சத்தை முட்டி நின்றுவிடும். பிடிப்பு போகப்போகிறது என்பதை ஸ்டீயரிங் லேசாவதை வைத்துத்தான் கை அறியும். உச்சத்தில் முட்டி நிற்கும் வீலில் அந்த லேசாவது தெரியவே தெரியாது. விசை முட்டுவதைக் காட்டும் ஒரு பட்டையைத் திரையில் வையுங்கள். கடுமையான வளைவில் 90 சதவீதத்தைத் தாண்டாதபடி தொடக்க அளவை அமைத்துக் கொடுங்கள்.

பார்வைக் கோணமும், அதாவது திரை எவ்வளவு அகலத்தைக் காட்டுகிறது என்பதும், அப்படித்தான். 24 அங்குலத் திரையின் அகலம் 53 சென்டிமீட்டர். 70 சென்டிமீட்டர் தள்ளி உட்கார்ந்தால் கண்ணுக்குச் சரியான கிடைக் கோணம் 42 டிகிரிதான். 90 வைத்தால் வேகம் கூடினது போலத் தெரியும், ஆனால் வளைவு தூரத்தில் இருப்பதாகக் கண் ஏமாறும், பிரேக் தாமதமாகும். 42ல் பக்கத்துக் கார் தெரியாது. ஒற்றைத் திரைக்கு 55 முதல் 60 என்று தொடங்கி, பக்கத்தில் கார் வந்தால் ஓர் அம்புக்குறி காட்டுங்கள். டிவியில் ஆடுபவர்களைப் படத் தாமதத்தைக் குறைக்கும் கேம் மோட் போடச் சொல்லுங்கள்: 180 கிலோமீட்டரில் 0.1 நொடித் தாமதம் என்பது ஐந்து மீட்டர்.

உதவிகளை வெட்கமாக நினைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். ஜிடி3 என்ற வகைப் பந்தயக் கார்களில் ஏபிஎஸ்ஸும், சக்கரம் வெறுமனே சுற்றாமல் தடுக்கும் டிராக்ஷன் கன்ட்ரோலும் நிஜத்திலேயே உண்டு. ஃபார்முலா ஒன்னில் ஏபிஎஸ் 1994லும் டிராக்ஷன் கன்ட்ரோல் 2008லும் தடை செய்யப்பட்டன. எந்தக் காரில் எது உண்டோ அதை அப்படியே தொடக்க அமைப்பாக வையுங்கள். அசெட்டோ கோர்சா ஆட்டத்தில் இந்த வழி ஏற்கனவே இருக்கிறது. அதற்குமேல் சேர்க்கும் எந்த உதவிக்கும் திரையில் ஒரு விளக்கு எரியட்டும். மறைவாக வண்டியைத் திருத்துவது கூடாது. உதவியை அணைத்தால் பரிசுப் பணம் கூடும் என்ற ஏற்பாடும் எங்களுக்கு உடன்பாடில்லை. பழகும் முன்பே காசுக்காக அணைத்துவிட்டு, நொந்துபோய் விலகுகிறார்கள். பின்தங்கியவரின் கண்முன்னே முன்னால் போகும் கார்களைச் செயற்கையாக வேகம் குறைப்பதும் வேண்டாம். நிதானமாக ஓட்டுபவருக்கு ஏற்ற நிதானமான எதிரிகளைக் கொடுத்தால் போதும். 2008ல் ரேஸ் டிரைவர்: கிரிட் ஆட்டம் கொண்டுவந்த பின்னோட்டம், அதாவது நேரத்தைப் பின்னோக்கி ஓட்டும் வசதி, நல்ல ஏற்பாடு: தப்பு செய்த வளைவை அந்த நொடியே திரும்ப ஓட்டலாம். டயர் பொய் சொல்லவில்லை, நேரம்தான் விட்டுக்கொடுத்தது. இதற்கு நேர்மாறான ஓரத்தில், 1998ல் வந்த கிராண்ட் பிரீ லெஜெண்ட்ஸ் ஆட்டம் 1967 பந்தயக் கார்களை அசாத்தியமாகச் செய்து காட்டியும், முதல் சுற்றை முடிக்கவே பலர் திணறினார்கள். கற்றுக்கொடுக்கும் ஏற்பாடு இல்லாமல் வெறும் நேர்மை மட்டும் போதாது.

தரையில் வரையும் பந்தயக் கோட்டை முழுச் சுற்றுக்கும் போடாதீர்கள். கண் காருக்கு முன்னால் தரையிலேயே ஒட்டிக்கொள்ளும். பிரேக் இடத்துக்கு மட்டும் போடுங்கள், சிவப்பு பச்சைக்குப் பதில் நீலம் ஆரஞ்சு வையுங்கள். நிறக்குருடு உள்ளவர்களும் ஆடட்டும். எல்லாப் பொத்தானையும் மாற்றி அமைக்கவும், ஒரே கையால் ஓட்டவும் வழி விடுங்கள். பார்வையற்றவர்களும் ஒலியைக் கேட்டு ஓட்டும் வசதியோடு 2023ல் ஃபோர்சா மோட்டார்ஸ்போர்ட் வந்திருக்கிறது. முடியாத காரியம் இல்லை.

முதல் தடத்துக்கு வெளிநாட்டுப் பெரிய சர்க்யூட் தேவையில்லை. செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே, சுற்று 2 கிலோமீட்டருக்குச் சற்று மேல். சிறிய தடம் என்பதால் தப்பு செய்த வளைவு சீக்கிரமே திரும்ப வரும், பழகுபவருக்கு அதுதான் வேண்டும். தடத்தைப் பயன்படுத்த முறையாக அனுமதி கேளுங்கள். கல்லூரிகளில் ஃபார்முலா மாணவர் கார் கட்டும் குழுக்கள் நம் ஊரிலேயே இருக்கின்றன. அவர்களிடம் நிஜ டயர், சஸ்பென்ஷன் அளவுகள் இருக்கும், கேட்டால் பேசுவார்கள். வால்பாறை, திம்பம் மலைப்பாதைகளை வைக்க ஆசைப்பட்டால், போக்குவரத்து இல்லாத மூடிய ஏற்றப் பந்தயமாக மட்டும் வையுங்கள். எதிரே பஸ் வரும் ரோட்டில் முந்தினால் புள்ளி என்று தயவுசெய்து செய்ய வேண்டாம்.

சோதிக்கும் முறை இது. பந்தய ஆட்டமே ஆடாத ஐந்து பேரை உட்கார வையுங்கள், பேடைக் கையில் கொடுங்கள், நீங்கள் வாயைத் திறக்காதீர்கள். பத்து நிமிடம். எந்த வளைவில், எந்த வேகத்தில், பிரேக்கிலா ஒடிப்பிலா ஆக்சிலேட்டரிலா வண்டி போனது என்று எழுதுங்கள். பிறகு நன்றாக ஓட்டத் தெரிந்த இருவரை அதே காரில், அதே டயரில், எல்லா உதவியும் அணைத்து ஓட்ட விடுங்கள். புதியவர் பத்து நிமிடத்துக்குள் ஒரு சுற்றைச் சுழலாமல் முடிக்க வேண்டும். தெரிந்தவருக்கு இருபதாவது சுற்றிலும் நேரம் குறைந்துகொண்டே வர வேண்டும். முதலாவது நடக்கவில்லை என்றால் ஸ்டீயரிங் திரும்பும் வேகமும் கோணமும், சத்தம், பிரேக் அளவு என்ற வரிசையில் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டாவது நடக்கவில்லை என்றால் டயர்க் கோட்டைத் திறந்து பாருங்கள். பழைய அளவுகளை ஒரு கோப்பில் வைத்துக்கொண்டு மாற்றுங்கள், திரும்பிப் போக வேண்டியிருக்கும்.

அன்புடன்,
கோவை சிமுலேட்டர் பொருத்துநர்கள், பயிற்றுநர்கள் சிலர்