டார்கெட் ஃபோட்டோ பாத்தேன் தம்பி

தம்பி, நீ அனுப்புன ஃபோட்டோ வந்துச்சு. "ரைஃபிள் ஸ்கோப்ப எந்தப் பக்கம் திருப்பணும்பா"ன்னு ஒரே வரி, வேற ஒண்ணும் இல்ல. சரி, அதையாவது என்கிட்ட கேக்கத் தோணுச்சே. மூணு ஓட்டையும் ஒட்டி ஒட்டி விழுந்திருக்கு, கை நடுங்கல, மூச்ச அடக்கி நிதானமா அடிச்சிருக்க, அதப் பாத்துதான் எனக்கு பாதி உசுரு வந்துச்சு. பட்டாளத்துல எஸ்எல்ஆர் ரைஃபிள் புடிச்ச என் செக்‌ஷன்லயே பாதி பேருக்கு குண்டு இப்படி ஒரே இடத்துல குரூப்பா சேராது.

குரூப் சேந்துட்டா மிச்சம் வெறும் கணக்குதான். 100 கெஜத்துல குண்டு நடுப்புள்ளிக்கு 3 இன்ச் கீழ, 2 இன்ச் வலது விழுது. ஒரு கிளிக்குக்கு கால் இன்ச்னு ஸ்கோப் டயல்ல போட்டிருந்தா மேல 12 கிளிக், இடது 8. குண்டு எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் திருப்பு, அம்புக்குறி இருக்கும். எங்க இரும்பு சைட்டுல முன் சைட்ட இறக்குனாதான் குண்டு மேல போகும், அது மண்டையில ஏறுறதுக்குள்ள வெலிங்டன் பட்டாள ட்ரெய்னிங்ல உஸ்தாத்கிட்ட வாங்குன திட்டு கொஞ்சமா. 25 கெஜத்துல வெச்சு பண்ணுனா அதே இன்ச்சுக்கு கிளிக் நாலு மடங்கு. முதல்ல ஸ்கோப்ப புடிச்சிருக்கிற ரிங் ஸ்க்ரூ டைட்டான்னு பாரு, லூசா இருந்தா பண்ணுனது எல்லாம் வேஸ்ட். பேரல ஆற விட்டு அடி, காட்டுல முதல் குண்டு ஆறுன பேரல்லதான் போகும். மான் வேட்டை சீசனுக்கு எந்தத் தோட்டாவோ அதுலயே ஜீரோ பண்ணு, அதாவது குறிய சரிபண்ணு, அதே கம்பெனி, அதே கிரெயின் எடை. கண்ண ஸ்கோப்போட ஒட்டாத, உதைச்சா புருவம் கிழியும்.

முடிஞ்சதும் போல்ட்ட உருவி தனியா வை, அது இல்லாம ரைஃபிள் சுடாது. தோட்டா வேற இடத்துல இருக்கட்டும். ஆபீஸ் ஃப்ரெண்டு வீட்டுல சேஃப் இருக்குன்னியே, சீசன் வரைக்கும் ரைஃபிள் அங்கயே இருந்தா என்ன? நீ தனியா இருக்கேன்னு சொல்லல. விஸ்கான்சின்ல திருடன் இல்லாமயா இருப்பான்.

தீபாவளிக்கு நீ போன் எடுக்கல. மருமகதான் பேசுனா, குட்டியக் காட்டுனா, பின்னாடி தெரிஞ்ச சுவரு உங்க வீட்டு சுவரு இல்ல. நான் ஒண்ணும் கேக்கல. மதியம் நான் சாப்டு படுக்கறப்ப உனக்கு அங்க நடுராத்திரி, அப்பவும் ஆன்லைன்னு காட்டுது, அதையும் கேக்கல. இவ்ளோ காசு போட்டு துப்பாக்கி வாங்குறவன் ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்கியிருக்கலாம். அம்மாகிட்ட மீன் புடிக்கப் போறான்னு சொல்லி வெச்சிருக்கேன், நீயும் அதையே சொல்லு. தங்கச்சி விஷயம் அப்புறம் எழுதறேன்.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின சனிக்கிழமை சீசன் ஆரம்பம், ஒம்பது நாளுன்னு பாத்தேன். ஆரஞ்சு கோட்டு இல்லாம உள்ள போகாத. தனியா போகவே போகாத. கூட வர்றவர் நம்பர எனக்கு அனுப்பு, போல்ட்ட தனியா வை. 12, 8 திருப்பிட்டு இன்னும் மூணு ரவுண்டு அடிச்சு ஃபோட்டோ அனுப்பு. இல்ல, ஃபோட்டோ வேணாம், வீடியோ கால் போடு, பேப்பர கையில புடிச்சுக் காட்டு, உன் மூஞ்சியும் தெரியணும். ரைஃபிள எங்க வெச்சிருக்கேன்னும் காட்டு.

அப்பா