கேபிளையும் சேர்த்து அளக்கச் சொன்ன அக்காவுக்கு

புலனத்தில் இரண்டு வரி போட்டு முடித்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் சனிக்கிழமை ரோபோ ஒலிம்பியாட் போட்டி முடிந்த மாலையிலிருந்து வந்துகொண்டே இருக்கும் வாழ்த்துகளைப் பார்த்தால், எல்லாரும் பிள்ளைகளையும் என்னையும் மட்டுமே பாராட்டுகிறீர்கள். அதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. கத்திக் கத்தித் தொண்டை கட்டிப் போயிருக்கிறது, அதனால் பேசுவதற்குப் பதில் எழுதுகிறேன்.

ரோபோவை அளந்து பார்க்கும் பரிசோதனை மேசையில் அன்று நடந்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. தடுப்புக்கு இந்தப் பக்கம் என்னோடு நின்றவர்களுக்கு அது தெரியும். நிற்காதவர்களுக்குக் காணொளி வந்திருக்கும். நாங்கள் எந்த இடத்தில் வந்தோம் என்பதும் தெரிந்த கதைதான். நான் சொல்ல வந்தது, அந்த மேசைக்கு முன்னால் மூன்று பிள்ளைகள் பயப்படாமல் நின்றார்களே, அந்தத் தைரியம் எங்கிருந்து வந்தது என்பதை.

அது வந்தது பினாங்கின் பாயான் லெப்பாஸிலிருந்து. 1972இல் அங்கே தொழிற்பேட்டை வந்த நாள் முதல் நம் வீட்டுப் பெண்கள் எத்தனையோ பேர் ஷிஃப்டுக்குப் பஸ் ஏறிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் இந்த அக்கா. நம் பள்ளியில் அவருக்குப் பிள்ளைகள் இல்லை. எங்கள் குழுவில் உள்ள ஒரு பையனுக்குச் சித்தி, அவ்வளவுதான். பெயர் போடக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். தொழிற்சாலையில் அளவு பார்க்கும் பிரிவில் வேலை. நாள் முழுக்க வெர்னியரும் கேஜும்தான். இரவு ஷிஃப்ட் முடித்து, சீருடையோடு, தன் அக்கா மகனைக் கூட்டிப்போக ஒரு சனிக்கிழமை வந்தவர், வகுப்பறைக்குள் நடந்த சண்டையைக் கேட்டுக் கதவோரம் நின்றுவிட்டார்.

சண்டை கேபிளைப் பற்றி. விதிப்படி, ஓட்டம் தொடங்கும் முன் ரோபோ நீளம், அகலம், உயரம் மூன்றிலும் 250 மில்லிமீட்டருக்குள் அடங்க வேண்டும், கேபிள்களையும் சேர்த்து. எங்களிடம் இருப்பதோ வேறொரு பள்ளி கொடுத்த பழைய ஈவி3 பெட்டி, லெகோவின் ரோபோ செய்யும் தொகுப்பு. அதன் கேபிள் கொஞ்சம் முரடு. 25, 35, 50 சென்டிமீட்டர் என மூன்றே நீளம்தான் உண்டு. ஒன்று எட்டாது, அடுத்ததைப் போட்டால் பக்கவாட்டில் வளைந்து தொப்பை தள்ளிக்கொண்டு நிற்கும். ரோபோ அளவுக்குள் அடங்குகிறதா என்று பார்க்கும் அளவுப் பெட்டியை மேலிருந்து கவிழ்த்தால் அந்தத் தொப்பை தானாக உள்ளே மடங்கிக்கொள்ளும். அப்படி மடங்கினால் அது அளவுக்குள் இருப்பதாக அர்த்தமா, இல்லையா? "பெட்டி போய் உட்கார்ந்துடுச்சே, அப்புறம் என்ன?" என்கிறான் ஒருவன். "பெட்டி அழுத்தினதாலதானே உள்ள போச்சு?" என்கிறாள் இன்னொருத்தி. எனக்கு இரண்டு பேச்சிலும் நியாயம் தெரிந்தது. விதிப் புத்தகமோ ஒரே வரியோடு நிறுத்திக்கொள்கிறது.

அக்கா உள்ளே வந்து, "எந்த வரி? காட்டுங்க," என்றார். நின்றபடியே படித்தார். தீர்ப்புச் சொல்லப் போகிறார் என்று பிள்ளைகள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் கேட்டது வேறு: "இதை எழுதினவங்ககிட்ட கேட்டீங்களா?"

கேட்கலாம் என்பதே எங்களில் பலருக்குத் தோன்றவில்லை. தோன்றாததற்குக் காரணம் இருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

சரி, கேட்டுவிடலாம் என்று பிள்ளைகள் உடனே ஒரு கடிதம் எழுதினார்கள். 'மதிப்பிற்குரிய ஐயா, எங்களிடம் பழைய பெட்டிதான் உள்ளது, தயவுசெய்து எங்கள் கேபிளை அனுமதியுங்கள்' என்ற தோரணையில் ஒரு பக்கம். பெட்டிக்கடை உரிமத்துக்கு மனுப் போடுவது போலவே இருந்தது. அக்கா பேனாவை வாங்கிப் பாதியை அடித்தார். "அனுமதி கேட்காதீங்க. எப்படி அளப்பீங்கன்னு கேளுங்க. அனுமதி கேட்டா அவங்க உங்களைப் பார்ப்பாங்க, அளவு கேட்டா ரோபோவைப் பார்ப்பாங்க." இதை அவர் பெரிய தத்துவமாகச் சொல்லவில்லை. கொட்டாவி விட்டுக்கொண்டேதான் சொன்னார்.

அப்புறம் அக்காவும் மூன்று பிள்ளைகளுமாக நால்வரும் தரையில் உட்கார்ந்து எழுதிய கேள்வி ஐந்தே வரி. முதல் வரியில் விதியின் எண். அடுத்து, ரோபோவின் பக்கத்தில் அடிக்கோல் வைத்து மேலிருந்து எடுத்த படம். பிறகு, இதை இப்படியும் படிக்கலாம், அப்படியும் படிக்கலாம் என்று இரண்டு பொருளும் பக்கம் சாயாமல். கடைசியில், பரிசோதனையின்போது எது பின்பற்றப்படும் என்ற ஒரே கேள்வி. அக்காவின் வேலையிடத்தில் வளையக்கூடிய உதிரிபாகம் வந்தால், வரைபடத்தில் வேறு குறிப்பு இல்லாதவரை அதை அழுத்தாமல், பிடிக்காமல், தன் போக்கில் இருக்கும்போதே அளப்பது வழக்கமாம். அதைக்கூட அவர் கேள்வி அனுப்பிய பிறகுதான் சொன்னார். முன்பே சொல்லியிருந்தால் பிள்ளைகள் தங்கள் தலையால் யோசித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்திருப்பார் போல. நானாக இருந்தால் வாயை அடக்கியிருக்க மாட்டேன்.

ஏற்பாட்டாளர்களிடமிருந்து பதில் வந்தது. எங்களுக்குப் பாதகமாக. கேபிள் சேர்த்தி, கை படாமல் நிற்கும் நிலையில்தான் அளப்போம். "பெட்டி உட்கார்ந்துடுச்சே" என்று வாதாடிய பையன் கண் கலங்கிவிட்டான். அக்காவுக்குக் கைப்பேசியில் சொன்னோம். அவர் சிரித்தார். "இப்ப தெரிஞ்சது நல்லதா, அன்னைக்கு மேசையில தெரிஞ்சா நல்லதா?"

அதற்கு அடுத்த வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. லெகோவில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் 8 மில்லிமீட்டர். 31 துளை என்றால் 248. எங்கள் ரோபோவின் அகலம் அதுதான். மிச்சம் 2 மில்லிமீட்டர், பக்கத்துக்கு ஒன்று. பிள்ளைகளுக்கு அது சாமர்த்தியம். அக்காவுக்கு அது தூக்கத்தைக் கெடுக்கும் கணக்கு. நம் அடிக்கோலும் அவர்கள் பெட்டியும் கடைசி மில்லிமீட்டர்வரை ஒத்துப்போகும் என்று யார் உத்தரவாதம் தருவது? நம்மால் பார்க்க முடியாத பெட்டியோடு சண்டை போடக் கூடாது என்றார். அகலத்தை 29 துளைக்கு இறக்கினோம், 232 ஆனது. கேபிளை மேல்புறமாகச் சட்டங்களுக்கு நடுவே நுழைத்துக் கட்டியதில் தொப்பையும் காணாமல் போனது. விடுமுறை நாளில் அவரே ஜெலுத்தோங்கில் ஒரு பலகைக் கடையில் வெட்டி மிஞ்சிய அக்ரிலிக் துண்டுகளை வாங்கி, எங்களுக்கு ஒரு அளவுப் பெட்டி செய்து கொண்டுவந்தார். உள்ளளவு 245. வேண்டுமென்றே குறைத்தது. "இதுல போச்சுன்னா எங்கேயும் போகும்." காசு வாங்க மறுத்துவிட்டார். ஒரு மைலோ மட்டும் குடித்தார்.

கிளம்பும்போது வாசலில் திரும்பி, "வேற எதுல சந்தேகம்? அதையும் இப்பவே கேட்டுடுங்க," என்றார். அந்த ஒரு வாக்கியத்தால்தான் சனிக்கிழமை பிழைத்தோம். ரோபோவின் மடித்து வைத்த கை, ஓட்டம் தொடங்கியதும் விரிந்து 250ஐத் தாண்டுகிறதே, அது பரவாயில்லையா என்ற கேள்வியைப் பிள்ளைகள் அன்றே அனுப்பினார்கள். தொடங்கிய பிறகு அளவுக்கு வரம்பில்லை என்று விதியிலேயே இருக்கிறது, எதற்கு வீண் கேள்வி என்று எனக்கு இருந்தது. பதில் ஒரே வரியில் வந்தது. அதை அச்செடுத்துக் கோப்பில் வைத்தது அந்த ஐந்தாம் ஆண்டுப் பெண்.

மேசையில் அந்தக் கையைப் பற்றித்தான் கேள்வி எழுந்தது. குறை கண்டால் சரிசெய்ய மூன்று நிமிடம்தான். பயிற்றுநர் உள்ளே போகக் கூடாது. தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்று நான் வேர்த்துக்கொண்டிருக்க, அவள் கோப்பைத் திறந்து, விதியையும் பதிலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துத் திருப்பிக் காட்டினாள். கெஞ்சவில்லை. எப்படி அளப்பீர்கள் என்று மட்டும் கேட்டாள்.

அதைப் பொறுமையாக இரண்டு முறை படித்து, தலைமை நடுவரைக் கூப்பிட்டுக் கேட்டுவிட்டு முடிவு சொன்ன அந்த இளம் பரிசோதகருக்கும் நன்றி. பத்துப் பன்னிரண்டு வயசுப் பிள்ளை நீட்டும் தாளைப் பெரியவர்கள் எல்லாரும் வாங்கிப் படிப்பதில்லை.

மற்றவர்களுக்கு ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்: வேனுக்கு எண்ணெய்க் காசுகூட வாங்காத அங்கிள், விடியற்காலை நாசி லெமாக் கட்டிக் கொடுத்த சிற்றுண்டிச் சாலை அக்கா, சனிக்கிழமைதோறும் கேட்டைத் திறந்துவிட்ட காவலர், பெற்றோர் ஆசிரியர் சங்கம், கூடுதல் கேபிளைக் கடன் கொடுத்த செபராங் பிறைப் பள்ளி (எங்களோடு போட்டியிட்ட அதே பள்ளி), பழைய ஈவி3 பெட்டியைத் தந்தவர்கள், எல்லாருக்கும்.

பிறகு சொல்கிறேன் என்றேனே, அது இதுதான். விதியில் தெளிவில்லாத இடம் வந்தால் நம்மவர்கள் செய்வது இரண்டில் ஒன்று. 'போடக் கூடாதுன்னு எழுதலையே' என்று நுழைந்துவிடுவது, அல்லது 'நமக்கு எதுக்கு வம்பு' என்று நல்ல யோசனையைக் கழற்றி வைத்துவிடுவது. நம் பள்ளிகளில் இரண்டாவதுதான் அதிகம். கேள்வி கேட்டால் கண்ணில் பட்டுவிடுவோமோ, குறித்து வைத்துக்கொள்வார்களோ என்கிற பழைய கூச்சம். எந்தப் புத்தகமும் எல்லா ரோபோக்களையும் முன்கூட்டியே நினைத்துப் பார்த்து எழுதப்படுவதில்லை. எழுதியவர்களுக்கே கேள்வி வந்த பிறகுதான் சில மூலைகள் தெரியும். உலக ரோபோ ஒலிம்பியாடின் இறுதிச் சுற்று 2012இல் நம் கோலாலம்பூரிலும், 2025இல் பக்கத்துச் சிங்கப்பூரிலும் நடந்தது. அந்த அரங்குகளுக்குப் போகிற பிள்ளைகள் கேட்டுத்தான் போகிறார்கள். நம் பிள்ளைகளும் இனி கேட்பார்கள்.

அதனால் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். அடுத்த பருவத்தில் விதி வெளியான முதல் வாரம் ரோபோவைத் தொடப் போவதில்லை. படிப்பது, சந்தேகம் எழுதுவது, அனுப்புவது மட்டும். வரும் பதில்களைத் தமிழில் எழுதி, கேட்கும் எந்தத் தமிழ்ப்பள்ளிக்கும் அனுப்புவோம், போட்டியாளராக இருந்தாலும். அக்காவின் பெட்டி நூல்நிலைய அலமாரியில் இருக்கிறது. அளந்து பார்க்க விரும்பும் குழுக்கள் சனிக்கிழமை காலையில் ரோபோவோடு வரலாம். வருவதற்கு முன் ஒரு செய்தி மட்டும் போடுங்கள், கேட்டைத் திறந்து வைக்கச் சொல்கிறேன்.